எட்டு போல்ட்டு ஐஸ் ஃபேக்டரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக்கல் இல்லை, பி.காம். கம்ப்ரஸர் எது, கண்டென்ஸர் எது என்று கொஞ்ச நாள் முன்பு வரை எனக்கு அடையாளம் தெரியாது. அதனால் பதிவில் டெக்னிக்கல் தப்பு இருந்தால் இன்ஜினியரிங் நண்பர்கள் பின்னூட்டத்தில் கிழிக்கலாம். கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கிழிக்கவும், அடுத்த மாதம் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை இருக்கிறது :-)

எங்க ஊர் பிரம்மதேசம். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கம் பெரிய சிவன் கோயிலோடு ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று. நம்முடையது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம் இருப்பது. இங்கிருந்து கிழக்கே போனால் உப்பளம், அதைத் தாண்டினால் கடல்.

மரக்காணம் பக்கம் என் மாமா ஒரு ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிறார். மீன் வியாபாரிகளின் வண்டிகளுக்கும், புதுச்சேரி பக்கத்துப் படகுகளுக்கும் ஐஸ் பார் போடுவதுதான் தொழில். லீவு நாட்களில் அங்கே போய் கணக்கு எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது. மதியம் மீன் குழம்பு உண்டு.

பழைய பிளாண்ட் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தரையில் ஒரு பெரிய தொட்டி. அதில் உப்புத் தண்ணீர். சாதாரணத் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைந்துவிடும், உப்புக் கலந்தால் உறையாது. அதனால் அந்த உப்புத் தண்ணீரை மைனஸ் 10 டிகிரி வரை குளிர வைத்து, நல்ல தண்ணீர் நிரப்பிய தகர கேன்களை அதற்குள் வரிசையாக இறக்கி விடுவார்கள். கேனில் இருப்பது ஐஸ் பார் ஆகிவிடும். குளிர வைக்கிற வேலை அமோனியாவுடையது. உப்பு? அது பக்கத்து உப்பளத்திலிருந்து மூட்டையில் வரும். வெயிலில் காய்ந்த உப்பை வைத்து ஐஸ் செய்கிற ஊர் எங்களுடையது. சின்ன வயதில் இது எனக்கு ஒரு மேஜிக் மாதிரி இருக்கும்.

ஆனால் உப்பு சும்மா விடுமா? தொட்டியின் இரும்புத் தகட்டை அடியிலிருந்து தின்றுவிட்டது. ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் 2024 பொங்கல் சமயத்தில் ஃபிட்டர் அண்ணன் கையை விரித்துவிட்டார். "இனிமே வெல்டிங் வெக்க அங்க இரும்பே இல்ல சார்."

மாமா முன்னால் இரண்டு கொட்டேஷன். ஒன்று, தொட்டியை உடைத்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுவது. கொத்தனார், வெல்டர், பைப் ஃபிட்டர் எல்லோரும் வந்து மாசக்கணக்கில் செய்கிற வேலை. இன்னொன்று, எங்கேயோ தூரத்து ஊர் ஷெட்டில் எல்லாவற்றையும் செய்து முடித்து, ஓட்டிப் பார்த்து, ஒரு கண்டெய்னருக்குள் பொருத்தி டிரெய்லரில் ஏற்றி அனுப்புகிற ரெடிமேட் பிளாண்ட். இங்கே சிமெண்ட் மேடை போட்டு, தண்ணீர் இணைப்பும் கரண்ட் இணைப்பும் கொடுத்தால் போதும். விலை, கட்டுகிற கொட்டேஷனைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

(இந்த ரெடிமேட் விஷயம் ஐஸ் ஃபேக்டரிக்கு மட்டும் இல்லை. பெரிய தொழிற்சாலைகளிலும் சில்லர், பம்ப், கூலிங் டவர், ஆர்.ஓ. யூனிட், காற்று கம்ப்ரஸர் என்று உற்பத்திக்குத் துணை நிற்கிற சாமான்களை இப்படி இரும்புச் சட்டத்தில் பொருத்தி வாங்குகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் ஸ்கிட். ஒரு ஸ்கிட் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொன்று வைத்து பைப்பைச் சேர்த்துவிடுவது. லெகோ மாதிரி.)

குளிர்ச்சியை வெளியூரிலிருந்து இறக்குவது சென்னைக்குப் பழைய கதைதான். 1842ல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் எதற்கு? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய ஐஸ் கட்டிகளைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்து வைக்கத்தான். பிறகு இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது, கட்டடம் கை மாறி இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. இப்போது ஐஸுக்குப் பதில் ஐஸ் செய்கிற மிஷினே ஏறி வருகிறது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். விலை அதிகமானதை ஏன் வாங்க வேண்டும்? விற்க வந்தவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று, வேகம். அது உண்மைதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் போகும் என்பதால் ஐஸ் வியாபாரம் முழுக்க நிற்காது, ஆனால் பாதிக்கு மேல் விழுந்துவிடும். ஃபேக்டரியைப் பிரித்துப் போட அந்த 61 நாளை விட்டால் வேறு நாள் இல்லை. ஜூன் 15ந்தேதி ஐஸ் இல்லை என்று சொன்னால் வியாபாரிகள் வேறு ஃபேக்டரிக்குப் போய்விடுவார்கள், போனவர் திரும்புவது அபூர்வம். கட்டுகிற வேலை 61 நாளில் முடியுமா என்று கேட்டதற்குக் கொத்தனார் மேஸ்திரி சிரித்துவிட்டுப் போனார்.

நானும் அதைத்தான் பெரிய காரணம் என்று நினைத்து, நோட்டில் ஒரு கணக்குப் போட்டு மாமாவிடம் காட்டினேன். இழக்கும் விற்பனை இவ்வளவு, கூடுதல் விலை இவ்வளவு, ஆகவே ரெடிமேட் லாபம். மாமா பார்த்துவிட்டு, "எல்லாம் சரி மாப்ள, பணம் யாரு குடுப்பா?" என்றார்.

அங்கேதான் கதையே ஆரம்பம்.

ஃபேக்டரி இருக்கிற இடம் மாமாவுடையது இல்லை, குத்தகை. சொந்தப் பத்திரம் இல்லாமல் வங்கி எதை அடமானம் பிடிக்கும்? குத்தகை நிலத்தில் தொட்டியும் ஷெட்டும் கட்டினால் அது மண்ணோடு போன பணம். நாளைக்கு மாமா கடனைக் கட்டாவிட்டால் வங்கி கான்கிரீட் தொட்டியைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? மேனேஜர் இரண்டு கொட்டேஷனையும் புரட்டிப் பார்த்துவிட்டு ரெடிமேட் பேப்பரில் விரலை வைத்துக் கேட்டார். "இது எத்தனை போல்ட்டுல நிக்குது?"

எட்டு.

அந்த எட்டு போல்ட்டுக்காகத்தான் கடன் கிடைத்தது. கழற்றினால் நகர்த்தலாம் என்பதால் அது அசையும் சொத்து. அசையும் சொத்தை நம்மிடமே விட்டுவைத்து, அதன் மேல் உரிமையை மட்டும் வங்கி எழுதி வாங்கிக்கொள்ளலாம். வகுப்பில் ஹைப்பாதிகேஷன் என்று ஒரு மணி நேரம் நடத்தினார்கள், கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தேன். வங்கி வாசலில் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இந்த "அசையுமா, அசையாதா" என்பதில் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. தேடிப் பார்த்தால் நம் நாட்டில் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை சண்டை போட்டிருக்கிறார்கள். 1882ஆம் வருடத்து சொத்து மாற்றச் சட்டத்திலேயே "மண்ணோடு பிணைந்தது" என்றால் என்ன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மரம் மாதிரி வேரூன்றியது, சுவர் மாதிரி பதிந்தது, அப்படிப் பதிந்த ஒன்றோடு அதன் நிரந்தர அனுபவத்துக்காகச் சேர்த்தது.

2010ல் சாலிட் அண்ட் கரெக்ட் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கு. ரோடு போட தார் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளாண்ட் சம்பந்தப்பட்டது. ஒன்றரை அடி ஆழ அஸ்திவாரத்தில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். இது அசையாச் சொத்து, ஆகவே எக்சைஸ் வரி கிடையாது என்று கம்பெனி வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டம் காணாமல் ஓடுவதற்காகத்தான் போல்ட், ரோடு வேலை முடிந்தால் கழற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள், ஆகவே அசையும் பொருள்தான், வரியைக் கட்டு என்று தீர்ப்பு. 2024 நவம்பரில் பார்தி ஏர்டெல் வழக்கு. செல்போன் டவரும், அதன் கீழே கருவிகளை வைக்கிற ரெடிமேட் அறையும் சம்பந்தப்பட்டது. இங்கே வரித் துறை அசையாது என்றது, கம்பெனி அசையும் என்றது, ஏனென்றால் அசைந்தால்தான் கட்டிய வரிக்கு கிரெடிட் எடுக்கலாம். அசையும் என்றே தீர்ப்பு வந்தது. ஒரே பதில். ஒரு கம்பெனிக்கு ஆப்பு, இன்னொரு கம்பெனிக்கு லாட்டரி!

ஜி.எஸ்.டி.யிலும் இதன் சாயல் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஷெட் கட்டினால் அதற்குக் கொடுத்த வரி போனது போனதுதான். இயந்திரத்துக்கும் அதைத் தாங்குகிற அஸ்திவாரத்துக்கும் கொடுத்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆக, கூடுதல் விலையில் ஒரு பகுதி இப்படியே திரும்பிவிடுகிறது. நான் முதலில் போட்ட கணக்கில் இதைச் சேர்க்கவே இல்லை, வெட்கம்.

மே மாதம் டிரெய்லர் வந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. ஈ.சி.ஆரிலிருந்து உள்ளே திரும்புகிற முனையில் ஒரு டீக்கடைக் கூரையைக் கழற்றி மாட்ட வேண்டியதாகிவிட்டது (கூரைக்கு மாமா கொடுத்த காசை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நான் தவித்தது தனிக் கதை). கிரேன் ஒரே தூக்கில் மேடையில் வைத்தது. நாலாவது நாள் ஐஸ் வந்துவிட்டது. புதிய மிஷினில் உப்புத் தண்ணீர்த் தொட்டியே கிடையாது. அலுமினியத் தட்டுகளுக்குள் நேரடியாக கேஸ் ஓடி, அதை ஒட்டியே தண்ணீர் உறைகிறது. உப்பளத்துக்குப் பக்கத்தில் உப்பு வேண்டாத ஐஸ் ஃபேக்டரி.

கணக்கு விரும்பிகளுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஏ.சி.யை ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அந்த டன்னே ஐஸிலிருந்து வந்ததுதான். 2000 பவுண்டு ஐஸை 24 மணி நேரத்தில் உறைய வைக்கிற சக்தி ஒரு டன், கிலோவாட்டில் சுமார் 3.5. நம்ம ஊர்த் தண்ணீர் 30 டிகிரியில் வருகிறது, அதை முதலில் பூஜ்யத்துக்கு இறக்கி அப்புறம் உறைய வைக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் நாளைக்கு 10 டன் ஐஸ் வேண்டுமென்றால் 15 டன் குளிர்ச்சி சக்தி தேவை, நஷ்டம் தனி.

அந்த வருடமே நவம்பர் 30ந்தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் சுமாருக்கு மழை. உப்பளம் முழுக்க வெள்ளக்காடு. எங்கள் மேடைக்கு ஒரு சாண் கீழே வந்து தண்ணீர் நின்றது. மேடையை இரண்டடி உயர்த்திப் போடச் சொன்னது கம்பெனி டிராயிங் இல்லை, ஃபிட்டர் அண்ணன். 2011 தானே புயலைப் பார்த்தவர் அவர்.

ஃபிட்டர் அண்ணனைப் பற்றித்தான் அதிகம் எழுத நினைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் பழைய பிளாண்டை ஓட்டியவர். எங்கே அமோனியா கசிகிறது என்று மூக்கால் சொல்வார். எந்த ரிப்பேரும் ஒரு ஸ்பேனரில் முடியும். புதிய மிஷினில் கோளாறு வந்தால் பேனலில் ஒரு எண் தெரியும். அந்த எண்ணைப் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் பதில் சொல்லும்வரை மிஷின் நிற்கும். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். "என்ன தம்பி, லாட்டரி சீட்டு மாதிரி நம்பர் குடுக்குது" என்பார்.

2025 கோடையில் ஒரு நம்பர் தினமும் வர ஆரம்பித்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் மிஷின் தானாக நின்றுவிடும். கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தார். கண்டென்ஸர் குழாயில் உப்புப் படிந்து, சூடு வெளியே போகாமல் பிரஷர் ஏறுகிறது என்றார். கூலிங் டவர் தண்ணீர் இன்ன அளவு உப்புக்குள் இருக்க வேண்டும் என்று மேனுவலைக் காட்டினார். எங்கள் போர் தண்ணீர் டவருக்குள் போகும் முன்பே அந்த அளவைத் தாண்டியிருந்தது! மேனுவல் எழுதியவர் மரக்காணம் தண்ணீரைக் குடித்துப் பார்த்ததில்லை. ஸ்டாண்டர்ட் மாடல் சார், எல்லா ஊருக்கும் இதேதான் என்று சொல்லிவிட்டு, ஆசிட் வைத்துக் கழுவி, பில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றே வாரத்தில் அதே நம்பர்.

ஃபிட்டர் அண்ணன்தான் ஒரு நாள் டவருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு விரல் தண்ணீரை நாக்கில் வைத்துவிட்டுச் சொன்னார். "தம்பி, இதுக்குள்ள உப்பளம் ஓடுது."

யோசித்தால் அச்சு அசல் அதேதான். உப்பளத்தில் பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீரை வெயிலில் சுண்ட விடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். கூலிங் டவரிலும் தண்ணீரைத் தூவிக் காற்றில் ஆவியாக விட்டுத்தான் மிச்சத்தைக் குளிர வைக்கிறார்கள். எங்கள் அளவு மிஷினில் ஒரு நாளைக்கு 2000 லிட்டருக்கு மேல் இப்படி ஆவியாகப் போகிறது. அத்தனை லிட்டரின் உப்பும் தொட்டியில்தான் சேரும். உப்பளத்தில் அது விளைச்சல், இங்கே வியாதி.

அண்ணனின் அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். எந்தப் பாத்தித் தண்ணீரை எப்போது திறந்துவிட வேண்டும் என்பது அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டவர் தொட்டியின் அடியில் ஒரு வால்வு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் வழிய விட்டார். ஐஸுக்காக வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு பங்கை டவருக்குத் திருப்பினார். மழைக் காலத்தில் கூரைத் தண்ணீரையும் சேர்த்தார். தண்ணீர்ச் செலவு ஏறியது, மதியம் நிற்பது போய்விட்டது. வழிய விடுகிற வேலைக்கு மேனுவலிலும் ஒரு பக்கம் இருந்தது, ப்ளோ டவுன் என்று. ஆனால் எவ்வளவு, எந்த மாதத்தில் என்பது அதில் இல்லை. அது இப்போது ஆபீஸ் சுவரில் அண்ணன் கரியால் எழுதிய அட்டவணையாக இருக்கிறது.

ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. பழைய மாதிரி கட்டியிருந்தால் எங்கள் பக்கத்துக் கொத்தனாருக்கும் வெல்டருக்கும் மாசக்கணக்கில் கூலி கிடைத்திருக்கும். அந்தக் கூலி முழுக்க இப்போது தூரத்து ஷெட்டுக்குப் போனது. ரெடிமேட் என்றால் வேலை இல்லாமல் ஆவதில்லை, வேலை இடம் மாறுகிறது. மாறியதே திரும்பவும் மாறலாம். மங்களூர் தண்ணீர்பாவியில் ஜி.எம்.ஆர். கம்பெனி மிதவையில் வைத்த 220 மெகாவாட் மின் நிலையம் 2001லிருந்து ஓடியது. நாப்தா எரிபொருள் விலை கட்டுப்படியாகவில்லை, 2010ல் அதை அப்படியே கிழக்குக் கடற்கரையில் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய் எரிவாயுவுக்கு மாற்றினார்கள். ஒரு மின் நிலையமே வீடு மாறுகிறது! அங்கேயும் பிறகு எரிவாயு கிடைக்காமல் திண்டாட்டம் என்பது வேறு விஷயம். மங்களூரில் அதை நம்பி டீக்கடை வைத்தவர் என்ன ஆனார் என்று எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் இருக்காது.

மாமாவின் கண்டெய்னர் கதவில் வங்கி பெயரோடு ஒரு போர்டு இருக்கிறது, ஆட்டோவின் பின்னால் எழுதியிருக்குமே அந்த மாதிரி. வருடத்துக்கு ஒரு முறை வங்கியிலிருந்து ஒருவர் வந்து மிஷின் அங்கேயே இருக்கிறதா என்று படம் எடுத்துப் போகிறார். முதல் வருடம் வந்தபோது மாமா முகம் செத்துவிட்டது. சுலபமாக வந்தது சுலபமாகப் போகவும் செய்யும் என்று அன்றுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு தவணைகூடத் தவறவில்லை என்றாலும் அந்தப் போர்டு பக்கம் அவர் பார்ப்பதே இல்லை.

போன மாதம் நிலத்துக்காரர் வந்தார். குத்தகை முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, புதுக் குத்தகை இரண்டு மடங்கு வேண்டும் என்றார். பழைய தொட்டி இருந்த காலத்தில் இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் கேட்பார், மாமா கொடுத்துவிடுவார். மண்ணில் பதிந்த ஃபேக்டரியை வைத்துக்கொண்டு எங்கே போவது?

இந்தத் தடவை மாமா பதில் சொல்லாமல் அவருக்கு டீ வரவழைத்தார். பிறகு ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டு, "ஏம்பா, அந்த எட்டு போல்ட்டுக்கும் கிரீஸ் வெச்சியா?" என்று கேட்டார்.

"போன வாரமே வெச்சிட்டேன் சார்" என்றார் அண்ணன்.

நிலத்துக்காரர் டீயைக் குடித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.